உபுண்டு 22.04-இல் ஜிடிகே 4.14: காணாமல்போன டிபெண்டன்சிகளைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறிய பதிப்பகத்துக்காகத் தமிழ் மெய்ப்புத் திருத்தும் கருவி ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் சி மொழியில் எழுதிவருகிறோம். திரையில் தெரியும் சாளரம், பொத்தான் எல்லாம் ஜிடிகே 4 என்ற நூலகத்தின் வேலை. நூலகம் என்றால் மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு; அது நம்பியிருக்கும் மற்ற நூலகங்கள் அதன் டிபெண்டன்சிகள். பதிப்பகத்தின் கணினிகளில் உபுண்டு 22.04 ஓடுகிறது. அச்சுவேலைக்கான மற்ற மென்பொருள்கள் அதையே நம்பியிருப்பதால் இயங்குதளத்தை மாற்ற வழியில்லை. அந்த உபுண்டு தருவது ஜிடிகே 4.6. எங்களுக்கு வேண்டியிருந்தது 2024 மார்ச்சில் வெளியான 4.14. திரையை 125 சதவீதம் என்பதுபோல் பின்ன அளவில் பெரிதாக்கும்போது எழுத்துகள் மங்காமல் கூர்மையாகத் தெரிவதற்கான வேலைகள் அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தன. நாள் முழுதும் ஒற்றுக்கும் புள்ளிக்கும் கண்ணைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

இணைய வசதியுள்ள இடமாக இருந்தால் நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் சேர்த்தே தரும் ஃபிளாட்பேக்கில் போடச் சொல்லியிருப்பேன், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பதிப்பகக் கணினிகள் இணையத்தில் இல்லை. எனவே ஜிடிகே-யை மூலநிரலிலிருந்து கட்டி (அதாவது கம்பைல் செய்து), '/ஆப்ட்/ஜிடிகே4' என்ற தனி அடைவில் நிறுவி, அந்த அடைவை அப்படியே கொண்டுபோய் வைப்பது என்று முடிவுசெய்தோம். உபுண்டுவின் சொந்தக் கோப்புகளில் கைவைப்பதில்லை என்பது முதல் நாளே பேசிக்கொண்ட விதி.

ஜிடிகே தனியாக நிற்கும் நூலகம் இல்லை. 1990-களில் பீட்டர் மாட்டிஸும் ஸ்பென்சர் கிம்பலும் கிம்ப் படத்தொகுப்பிக்காக எழுதத் தொடங்கியபோது ஒரே உருண்டையாக இருந்தது. பிறகு அதன் சில பகுதிகள் பிரிந்து தனித் திட்டங்கள் ஆயின, வேறு சில வேலைகளைத் தனி நூலகங்கள் ஏற்றுக்கொண்டன. இன்று அடியில் பொதுவான அடிப்படை வேலைகளுக்கான ஜிலிப், அதன் மேல் எழுத்துகளை வரிகளாக அடுக்கும் பேங்கோ, கோடும் நிறமும் தீட்டும் கெய்ரோ, படங்களைத் திறக்கும் ஜிடிகே-பிக்ஸ்பஃப், கணக்குக்கு கிராஃபீன், வரைகலை அட்டை வழி வரையும் ஓப்பன்ஜிஎல்-க்கு லிப்எபாக்ஸி. பேங்கோவுக்குக் கீழே எழுத்து வடிவங்களைக் கோக்கும் ஹார்ஃப்பஸ், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான ஃப்ரிபிடி, எழுத்துருவைத் தேடித்தரும் ஃபான்ட்கான்ஃபிக், எழுத்துருவைத் தீட்டும் ஃப்ரீடைப். இவை ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னும் சில. கம்பைல் செய்யும்போது வரும் 'காணவில்லை' என்ற புகார், இந்த அடுக்கில் எந்தத் தட்டிலிருந்தும் வரலாம். ஆனால் திரையில் தெரியும் பெயர் பெரும்பாலும் மேல்தட்டின் பெயராகத்தான் இருக்கும். இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதைத்தான்.

முதல் தடை கட்டும் கருவியிடமே வந்தது. ஜிடிகே-யைக் கட்டும் கருவியின் பெயர் மெசான்; 22.04-இல் உள்ளது 0.61.2. ஜிடிகே 4.14 அதைவிடப் புதியதைக் கேட்கிறது. மெசான் பைத்தானில் எழுதப்பட்டது என்பதால் ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (கணினியின் பைத்தானைத் தொடாத தனி அடைவு) உருவாக்கி, பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் மூலம் புதிய பதிப்பை அதற்குள் நிறுவியதோடு அது முடிந்தது.

அடுத்து மெசான் ஓடியபோது பிழையே வரவில்லை. அதற்குப் பதிலாக ஜிலிப்பின் மூலநிரலைத் தானாகவே இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கியது. ஜிடிகே-யின் 'சப்புராஜெக்ட்ஸ்' அடைவில் 'ரேப்' என்று முடியும் சிறு கோப்புகள் உண்டு. ஒரு நூலகம் கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்தது பழையதாக இருந்தால், எங்கிருந்து இறக்கிச் சேர்த்துக் கட்டலாம் என்று அவை மெசானுக்குச் சொல்லும். ஜிடிகே-யை எழுதுபவர்களுக்கு இது பெரிய வசதி. எங்களைப் போல வேறு கணினிக்குக் கொண்டுபோகக் கட்டுபவர்களுக்கு இது உதவாது என்பது என் கருத்து. எந்த நூலகம் உபுண்டுவினுடையது, எது இறக்கிக் கட்டியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் 'ரேப் மோடு' விருப்பத்தை 'நோஃபால்பேக்' என்று வைத்துத் திரும்ப ஓட்டினோம். இப்போது இல்லாததெல்லாம் இல்லை என்றே தெரிந்தது.

பட்டியலைப் பார்த்து எதை நாங்கள் கட்டுவது, எதை உபுண்டுவிடமே விடுவது என்று பிரித்தோம். உபுண்டுவில் இருந்த ஜிலிப் 2.72, பேங்கோ 1.50, கெய்ரோ 1.16, நிரல்கள் திரையோடு பேச உதவும் வேலண்டும் அதன் புரோட்டோகால்ஸ் பொதியும் பழையவை: இவற்றின் புதிய பதிப்புகளைக் கட்டுவது. ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப், ஃபான்ட்கான்ஃபிக் மூன்றையும் தொடுவதில்லை. உபுண்டுவின் ஹார்ஃப்பஸ் 2.7.4 எங்களுக்குப் போதுமானது. தவிர ஃப்ரீடைப்புக்கும் ஹார்ஃப்பஸுக்கும் இடையே ஒரு வட்டம் உண்டு. ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைப் பயன்படுத்தும், ஃப்ரீடைப்பின் தானியங்கி ஹின்டிங் பகுதி (எழுத்தின் கோடுகளைத் திரைப்புள்ளிகளோடு பொருத்துவது) ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும். இரண்டையும் முறையாகக் கட்ட வேண்டுமானால் முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃப்ரீடைப், பிறகு ஹார்ஃப்பஸ், பிறகு மறுபடியும் ஃப்ரீடைப் என்று போக வேண்டும். ஃபான்ட்கான்ஃபிக்கை விட்டதற்குக் காரணம் வேறு. தனி அடைவில் கட்டினால் அது தன் அமைப்புக் கோப்புகளை அந்த அடைவின் 'ஈடிசி'-க்குள் தேடும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துரு அமைப்பு அதன் கண்ணில் படாது. தமிழ் எழுத்துரு நிறுவியிருந்தும் திரையில் கட்டம் கட்டமாக வருவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

ஜிலிப்பிலிருந்து தொடங்கினோம். எடுத்துக்கொண்டது 2.78. உடனே 'லிப்பிசிஆர்இ2-8 இல்லை' என்றது. பிசிஆர்இ என்பது உரையில் வடிவங்களைத் தேடும் நூலகம். நண்பரோ, பிசிஆர்இ டெவ் பொதி ஏற்கெனவே இருக்கிறதே என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். டெபியன், அதன் வழிவந்த உபுண்டு உலகில் இது பலரைச் சுற்றவைக்கும் இடம். 'லிப்பிசிஆர்இ3' என்ற பெயரில் இருப்பது பழைய பிசிஆர்இ, அதாவது 8-ஆம் வரிசை. 'லிப்பிசிஆர்இ2' என்ற பெயரில் இருப்பதுதான் புதியது, 10-ஆம் வரிசை. 3 என்பதைப் பார்த்து அதுவே புதிது என்று எண்ணத் தோன்றும். 2.72 வரை ஜிலிப் பழையதைப் பயன்படுத்தியது, 2.74-இல் புதியதற்கு மாறியது. 'லிப்பிசிஆர்இ2-டெவ்' நிறுவியதும் வழிவிட்டது.

இங்கே டெவ் பொதி பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'காணவில்லை' புகார்களில் பாதிக்கு மேல் இதில்தான் முடிகின்றன. உபுண்டுவில் ஒரு நூலகம் இரண்டாகப் பிரித்துத் தரப்படுகிறது. ஓடுவதற்கான '.எஸ்ஓ' கோப்பு ஒரு பொதியில். கம்பைல் செய்வதற்கான, நூலகத்தின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளும் '.பிசி' என்று முடியும் குறிப்புக் கோப்பும் '-டெவ்' என்று முடியும் இன்னொரு பொதியில். மெசான் நூலகத்தை நேரடியாகத் தேடுவதில்லை. பிகேஜி-கான்ஃபிக்கைக் கேட்கிறது, அது '.பிசி' கோப்பைத் தேடுகிறது. அந்தக் கோப்பு இல்லையென்றால், நூலகம் கணினியில் ஓடிக்கொண்டே இருந்தாலும் பதில் 'இல்லை'தான். எந்தப் பொதியில் அந்தக் கோப்பு இருக்கிறது என்று தெரியாவிட்டால் 'ஏபிடி-ஃபைல்' கருவியிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், சொல்லிவிடும்.

வேலண்டைக் கட்டும்போது டாக்சிஜன் வேண்டும் என்று நின்றது. அது ஆவணங்களை உருவாக்கும் கருவி, நூலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலண்டில் 'டாக்குமென்டேஷன்' விருப்பம் இயல்பாகவே திறந்திருக்கும். அதை அணைத்ததும் அந்தத் தேவையும் அதன் வாலாக வந்த மற்றவையும் போயின. இல்லை என்று சொல்லப்படும் ஒவ்வொன்றையும் ஓடிப்போய் நிறுவுவதற்கு முன், அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று 'மெசான்_ஆப்ஷன்ஸ்' கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. ஜிடிகே-யிலும் அப்படியே செய்தோம். வீடியோ ஓட்ட ஜிஸ்ட்ரீமர், வல்கன் வழி வரைய, வரைகலை அட்டையில் ஓடும் ஷேடர் நிரல்களை மொழிமாற்றும் ஜிஎல்எஸ்எல்சி, பைத்தான் போன்ற மற்ற நிரல்மொழிகளிலிருந்து பயன்படுத்துவதற்கான இன்ட்ராஸ்பெக்ஷன் மூன்றும் எங்கள் கருவிக்குத் தேவையில்லை. மூன்றையும் அணைத்தோம்.

பிறகு பாதைச் சிக்கல். டெபியன் வழிவந்த கணினி என்று கண்டுகொண்டால் மெசான் நூலகங்களை 'லிப்' அடைவில் போடாது. அதற்குள் 'எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ' என்ற உள் அடைவில் போடும். '.பிசி' கோப்புகளும் அங்கேதான் போகும். வேலண்ட் புரோட்டோகால்ஸ் மட்டும் வேறு இடம். அதில் எக்ஸ்எம்எல் கோப்புகளே உள்ளன, எந்த வகைச் செயலிக்கும் பொது. அதனால் அதன் '.பிசி' கோப்பு 'ஷேர்' அடைவின் கீழே நிறுவப்படும். பிகேஜி-கான்ஃபிக் பாதையில் இரண்டையும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் மெசான் பழைய பதிலையே தந்தது. அந்தப் பாதையை மெசான் முதல்முறை அமைக்கும்போது மட்டும் சூழலிலிருந்து படித்துத் தன்னிடம் எழுதிவைத்துக்கொள்கிறது. பின்னர் ஷெல்லில் மாற்றினாலும் ஏற்கெனவே அமைத்த பில்ட் அடைவுக்கு அது எட்டாது. பில்ட் அடைவை அழித்துவிட்டுப் புதிதாக அமைப்பதே எளிது.

என் கணினியில் எல்லாம் கட்டி முடிந்தது. ஜிடிகே-யின் டெமோ நிரல் திறந்தது. அடைவைச் சுருட்டி நண்பரின் கணினியில் விரித்தோம். அதே உபுண்டு 22.04, அதே பாதை, நாங்கள் எழுதிவைத்த டெவ் பொதிகள் அனைத்தும் நிறுவப்பட்டிருந்தன. எங்கள் கருவியைக் கம்பைல் செய்ய முயன்றால் வந்தது ஒரே வரி: 'ஜிடிகே4 கிடைத்ததா: இல்லை. பிகேஜி-கான்ஃபிக், சிமேக் இரண்டிலும் தேடியாயிற்று.'

இந்த வரியைப் பார்த்து, மெசானைப் போன்ற இன்னொரு கட்டும் கருவியான சிமேக்கை நிறுவப் போகிறவர்கள் உண்டு. அதில் பயனில்லை. பிகேஜி-கான்ஃபிக்கில் தோற்றதால் மெசான் அடுத்த கதவைத் தட்டிப் பார்த்தது, அவ்வளவே. 'ஜிடிகே4.பிசி' கோப்போ அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. பாதையும் சரி.

மெசானை ஒதுக்கிவிட்டுப் பிகேஜி-கான்ஃபிக்கையே கேட்டோம். 'ஜிடிகே4 இருக்கிறதா, இல்லையென்றால் பிழையை அச்சிடு' என்று அதைக் கேட்க முடியும். பதில்: 'பேங்கோ கேட்கும் லிப்தாய் கிடைக்கவில்லை.' மெசானின் பதிவுக் கோப்பிலும் இதே வரி இருந்தது. திரைக்குத்தான் வரவில்லை.

லிப்தாய் தாய்லாந்து மொழிக்கானது. தாய் எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடுவதில்லை, அதனால் வரியை எங்கே மடிப்பது என்று தெரிய ஓர் அகராதி வேண்டும். அந்த வேலையை லிப்தாய் செய்கிறது. அகராதியை டேட்ரை என்ற இன்னொரு நூலகத்தில் வைத்திருக்கிறது. தமிழ்க் கருவி ஒன்றைக் கட்ட இது எப்படிக் குறுக்கே வந்தது?

பேங்கோவின் கட்டும் விருப்பங்களில் லிப்தாய் 'ஆட்டோ' நிலையில் இருக்கிறது. கணினியில் இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். என் கணினியில் ஜிடிகே 3 வேலைகளுக்காக உபுண்டுவின் பேங்கோ டெவ் பொதி முன்பே நிறுவப்பட்டிருந்தது. அது லிப்தாயின் டெவ் பொதியைத் தன்னோடு இழுத்துவந்திருந்தது. நாங்கள் கட்டிய பேங்கோ அதைக் கண்டு சேர்த்துக்கொண்டு, தன் '.பிசி' கோப்பில் 'ரிக்வயர்ஸ்.பிரைவேட்' வரியில் அதன் பெயரையும் எழுதிவிட்டது. நண்பரின் கணினியில் உபுண்டுவின் பேங்கோ டெவ் பொதி இல்லை. நாங்களே கட்டிய பேங்கோ இருக்கும்போது அது எதற்கு என்று வேண்டுமென்றே விட்டிருந்தோம்.

அந்த 'பிரைவேட்' என்ற பெயர் ஒரு நம்பிக்கையைத் தரும்: உள்விவகாரம்தானே, ஸ்டாட்டிக்காக (நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்த்து) இணைத்தால் மட்டும் வேண்டியது, நமக்குத் தேவைப்படாது என்று. ஆனால் கம்பைலருக்கான கொடிகளைக் கேட்கும்போது பிகேஜி-கான்ஃபிக் இந்த வரியில் உள்ளவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறது. ஒன்று கிடைக்காவிட்டாலும் மேலே உள்ள முழுச் சங்கிலியும் 'இல்லை' ஆகிவிடுகிறது. தாய் நூலகத்தின் ஒரு குறிப்புக் கோப்பு இல்லாததால் பேங்கோ இல்லை, பேங்கோ இல்லாததால் ஜிடிகே இல்லை. மெசான் கடைசிப் பெயரை மட்டும் நமக்குச் சொன்னது.

நண்பரின் கணினியில் லிப்தாய் டெவ் பொதியை நிறுவியிருந்தால் உடனே தீர்ந்திருக்கும். நான் அதை விரும்பவில்லை. இந்தக் கணினியில் தீரும், அடுத்த கணினியில் மறுபடி முளைக்கும். பேங்கோவை லிப்தாய் அணைத்த நிலையில் திரும்பக் கட்டினோம். அதோடு நாங்கள் கட்டும் ஒவ்வொரு நூலகத்திலும் 'ஆட்டோ' என்றிருந்த விருப்பங்களைத் தேடி எடுத்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று கைப்பட எழுதினோம். சலிப்பான வேலைதான். ஆனால் வேறு கணினியில் ஓட வேண்டிய எதையும் 'ஆட்டோ'-வை நம்பிக் கட்டக் கூடாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. கட்டும் கணினியில் தற்செயலாக என்ன இருந்தது என்பதை அது விளைபொருளுக்குள் பூசிவிடுகிறது.

பதிப்பகக் கணினியில் வந்த புகார் வேறு வகை. அங்கே கம்பைல் இல்லை, ஓட்டுவது மட்டும். கருவியைத் திறந்ததும் 'ஜி_ஸ்ட்ரிங்_ஃப்ரீ_அண்ட்_ஸ்டீல் என்ற குறி வரையறுக்கப்படவில்லை' என்று சொல்லி நின்றது. எங்கள் நிரலில் அப்படி ஒரு பெயரை நாங்கள் எங்குமே எழுதவில்லை. எழுதியது 'ஜி_ஸ்ட்ரிங்_ஃப்ரீ', பல ஆண்டுகளாக இருக்கும் சாதாரண ஃபங்ஷன். ஜிலிப் 2.76-இலிருந்து அதன் ஹெடரில் ஒரு மேக்ரோ (கம்பைலுக்கு முன் நிரல்வரியை மாற்றியெழுதும் விதி) இருக்கிறது. இரண்டாவது மதிப்பு 'ஃபால்ஸ்' என்று நேரடியாக எழுதப்பட்டிருந்தால், அழைப்பைக் கம்பைலின்போதே புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடும். புதிய ஹெடரோடு கட்டப்பட்ட நிரல், ஓடும்போது உபுண்டுவின் 2.72-ஐப் போய்ப் பிடித்திருக்கிறது. அதில் அந்தப் பெயரே கிடையாது.

ஏன் பழையதைப் பிடித்தது? இரண்டு ஜிலிப்பும் கோப்பின் பெயரளவில் ஒன்றே: 'லிப்ஜிலிப்-2.0.எஸ்ஓ.0'. நிரல் தொடங்கும்போது நூலகங்களைத் தேடி இணைக்கும் லோடர் பதிப்பு எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்த்து முதலில் கிடைப்பதை எடுக்கும். நிறுவும்போது மெசான், நூலகங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லக் கட்டுமிடத்தில் வைத்திருந்த உள் பாதைகளை நீக்கிவிடும். என் கணினியில் நூலகப் பாதை ஷெல்லில் ஏற்கெனவே அமைந்திருந்ததால் அங்கே இது வெளிப்படவில்லை. 'எல்டிடி' கட்டளையைக் கொடுத்ததும் எந்த ஜிலிப் எங்கிருந்து வருகிறது என்று வரிவரியாகத் தெரிந்தது.

தனி அடைவின் பாதையைக் கணினி முழுமைக்கும் லோடரின் அமைப்பில் சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். அப்படிச் செய்தால் அந்தக் கணினியின் டெஸ்க்டாப் முழுவதும் நாங்கள் கட்டிய ஜிலிப்பில் ஓடத் தொடங்கும். ஜிலிப் 2002 முதல் பின்னோக்கிய இணக்கத்தைக் காத்துவருகிறது. பழைய நிரல்கள் புதிய ஜிலிப்பில் ஓடும், அதனால்தான் உபுண்டுவின் ஹார்ஃப்பஸையும் ஜிடிகே-பிக்ஸ்பஃப்பையும் எங்கள் ஜிலிப்போடு சேர்த்து ஓட்ட முடிகிறது. இருந்தாலும் அடுத்தவர் பிழைப்பு நடக்கும் கணினியில் அந்தச் சோதனையைச் செய்ய நமக்கு உரிமையில்லை. எங்கள் கருவியைத் திறக்கும் சிறு ஷெல் ஸ்கிரிப்டில் மட்டும் நூலகப் பாதையை அமைத்தோம்.

அதே ஸ்கிரிப்டில் இன்னொரு வரியும் சேர்ந்தது. கோப்பைத் திறக்கும் பெட்டியை அழுத்தினால் நிரல் அப்படியே விழுந்தது. 'ஆர்க்.ஜிடிகே.ஜிடிகே4.செட்டிங்ஸ்.ஃபைல்சூஸர் என்ற ஸ்கீமா நிறுவப்படவில்லை' என்பது செய்தி. ஸ்கீமா (நிரலின் அமைப்புகள் என்னென்ன என்று சொல்லும் கோப்பு) நிறுவப்பட்டுத்தான் இருந்தது, எங்கள் அடைவின் 'ஷேர்' பகுதியில். அதை 'எக்ஸ்டிஜி_டேட்டா_டிர்ஸ்' மாறியில் சொல்லவில்லை. கம்பைலரோ லோடரோ அறியாத டிபெண்டன்சி இது. பொத்தானை அழுத்தும் வரை யாருக்கும் தெரியாது. ஜிடிகே-யைத் தனி அடைவில் வைப்பவர்கள் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

எழுத்துச் சோதனையைப் 'பேங்கோ-வியூ' என்ற சிறு கருவியில் செய்தோம். அது பேங்கோவோடு சேர்ந்தே கட்டப்படும். 'கொடை', 'போதும்', 'ஸ்ரீ', 'க்ஷ' போன்றவற்றைக் கொடுத்துப் பார்த்தோம். யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் அதன் பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைப்பது ஹார்ஃப்பஸின் வேலை. கொம்பு சரியான இடத்தில் நின்றது. பேங்கோ வழியாக ஹார்ஃப்பஸ், அதன் வழியாக எழுத்துரு என்று முழுச் சங்கிலியும் ஒழுங்காகக் கோத்திருப்பதற்கு இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியவில்லை.

கருவி இப்போது பதிப்பகத்தில் ஓடுகிறது. கட்டும் முறை முழுவதும் ஒரே ஸ்கிரிப்டில் இருக்கிறது: ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பு, அணைத்த விருப்பங்கள், ஏன் அணைத்தோம் என்ற ஒரு வரிக் குறிப்பு. ஜிலிப்பை 2.78-இலேயே நிறுத்தியிருக்கிறோம். 2.80-இல் இன்ட்ராஸ்பெக்ஷனின் நூலகப் பகுதி ஜிலிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. நண்பர் கருவியின் ஒரு பகுதியைப் பைத்தானில் எழுத ஆசைப்படுகிறார், அதற்கு இன்ட்ராஸ்பெக்ஷன் வேண்டும். புதிய ஜிலிப்போடு அதைச் செய்வதானால் ஜிலிப்பை ஒருமுறை அது இல்லாமல் கட்டி, பிறகு ஜிஆப்ஜெக்ட்-இன்ட்ராஸ்பெக்ஷனைக் கட்டி, மறுபடி ஜிலிப்பைக் கட்ட வேண்டும். அதற்கான ஸ்கிரிப்டைத் தனிக் கிளையில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.